கார்குழலி வைக்காத கால்

எங்கள் சாரம் பகுதியில் யாருக்காவது இடுப்பு பிடித்துக்கொண்டால் முதலில் தைலத்தைத் தேடமாட்டோம், கார்குழலியைத் தேடுவோம். தெருமுனையில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கிறவள். பிறந்தபோது தலைக்குப் பதில் கால்தான் முதலில் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் எந்தப் பிடிப்பும் விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நாம் பாயில் குப்புறப் படுக்க வேண்டும். அவள் காலைக் கழுவிக்கொண்டு வந்து இடுப்பில் வைத்து மூன்று முறை கீழ்நோக்கி இழுத்துவிடுவாள். காசு வாங்கமாட்டாள். வெற்றிலை பாக்கு கொடுத்தால் போதும்.

நானும் படுத்து எழுந்தவன்தான். கேஸ் சிலிண்டரைக் குனிந்தவாக்கில் வெடுக்கென்று தூக்கிவிட்டு, நிமிர முடியாமல் கோணிக்கொண்டு நின்றேன். அவள் வந்து காலை வைத்தாள். இரண்டொரு நாளில் சரியாகிவிட்டது. "அது தன்னாலயே சரியாயிருக்கும்" என்றான் என் தம்பி பாரதி. அவனை யார் கேட்டது?

தெருவே தன் காலடியில் படுத்து எழுவதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இருக்கட்டுமே. நாள் முழுக்க ஊரார் சட்டையைத் தேய்க்கிறவளுக்கு வேறு யார் வந்து மாலை போடப்போகிறார்கள்?

கடைசியில் அவள் இடுப்பே பிடித்துக்கொண்டது. வண்டி அவள் கணவன் அன்பழகன் உயரத்துக்குச் செய்தது. அவன் குட்டை, இவள் நெட்டை. அவனுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் வண்டி இவள் கைக்கு வந்தது. கரி போட்ட இஸ்திரிப்பெட்டி சும்மாவே கனம். அதை வருடக்கணக்கில் குனிந்தே தள்ளினாள். வலி இடுப்பில் தொடங்கித் தொடைவரை இறங்கியது. ஊரார் இடுப்பில் கால் வைக்கலாம், தன் இடுப்பில் தானே வைக்க முடியுமா? வெளியே சொல்லவும் வெட்கம். பிள்ளைச்சாவடிக்கு மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். திரும்பும்போது மறக்காமல் மீனும் வாங்கிவந்தாள். அந்த மாதங்களில் அன்பழகன் நன்றாகச் சாப்பிட்டான். இதெல்லாம் பிறகு அவளே சிரித்துக்கொண்டு சொன்னதுதான்.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் சிந்துஜா என்ற பெண், அவளை ஒரு மேசை முன்னால் நிறுத்தித் துணி தேய்ப்பதுபோலச் செய்துகாட்டச் சொன்னாள்.

"இப்படி வளைஞ்சே நின்னா இடுப்பு என்னாக்கா ஆவும்? வண்டிய ஒசத்துங்க. எட்டி எட்டித் தள்ளாதீங்க, கிட்ட நின்னு தேய்ங்க. ஒரு கால செங்கல்லு மேல வெச்சிக்குங்க, அப்பப்ப மாத்திக்குங்க."

பயிற்சிகளை வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தாள். வண்டியை மட்டும் உயர்த்தவில்லை. உயர்த்தினால் ஏன் என்று தெரு கேட்குமே.

அதே ஆஸ்பத்திரியில் ஒருநாள் தள்ளுபடுக்கையில் ஒரு கிழவியைப் பார்த்தாள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. "இடுப்புக்கிட்ட எலும்பு ஒடஞ்சா இப்படித்தான் சாயும். அப்போ அசைக்கவே கூடாது" என்றாள் சிந்துஜா.

மழை விட்ட ஒரு காலையில் எதிர்வீட்டு லட்சுமி அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கார்குழலிக்குத் தினமும் வண்டிக்கே டீ கொண்டுவந்து கொடுக்கும் மனுஷி. மகன் ராமலிங்கம் அம்மாவைப் பாயில் கிடத்திவிட்டுக் கார்குழலியை அழைக்க ஓடினான். நாங்கள் நாலைந்து பேர் வாசலில் கூடிவிட்டோம். அவள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். பாயருகே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். லட்சுமி அம்மாளின் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது.

"நான் கால வெக்க மாட்டேண்ணே. எலும்பு ஒடஞ்சிருக்கும்போல. யாரும் தொடாதீங்க, ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க."

"ஊருக்கெல்லாம் வெக்கிற, எங்கம்மாவுக்குன்னா மட்டும் கால் வராதா?" ராமலிங்கம் கத்தினான். "வலில துடிக்கிறாங்க குழலி!"

அவள் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். முகம் சிவந்துபோயிருந்தது.

"என் இடுப்பே புடிச்சிக்கிட்டு நாலு மாசமா நான் ஆஸ்பத்திரிக்குத்தாண்ணே போயிட்டிருக்கேன். மீன் வாங்கல்லாம் போவல. போன் போடுங்க."

ஆம்புலன்ஸ் வந்தது. எலும்பு முறிவுதான், ஆபரேஷன் செய்தார்கள். அதற்காகத் தெரு அவளைக் கொண்டாடியிருக்கும் என்று நினைத்தால் எங்கள் தெருவை உங்களுக்குத் தெரியாது. "கால்ல இருந்த சக்தி போயிடுச்சி. தனக்கே இடுப்பு நோவு, இவளா நமக்குப் பாக்கறது?" என்றார்கள். வெற்றிலை பாக்கு நின்றுபோனது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் நானும் அவளிடம் போய் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, முன்னைவிட வளைந்து, தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பொங்கல் முடிந்த வாரம் ராமலிங்கம் நாலு மரக்கட்டைகளோடு வண்டியருகே வந்தான். தச்சுவேலை அவனுக்குக் கைவந்தது. தேய்க்கும் பலகையைக் கழற்றி, கீழே கட்டை கொடுத்து, ஒரு சாண் உயர்த்தி ஆணி அடித்தான். "அம்மா செய்யச் சொன்னாங்க" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமலே.

அவனுக்குப் பின்னால், வாக்கரை ஊன்றி ஊன்றி, லட்சுமி அம்மாள் தெருவைக் கடந்து வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் வாசல் தாண்டியது அன்றுதான். நாங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"அன்னிக்கி இவ மிதிச்சிருந்தா நான் இன்னிக்கிப் படுத்த படுக்கைடா" என்றாள், எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி. பிறகு வண்டியைப் பிடித்துக்கொண்டு கார்குழலி பக்கம் திரும்பினாள். "இன்னும் ஏன்டி குனிஞ்சிக்கினு இருக்க? அதான் ஒசத்தியாச்சே. நிமிந்து நில்லுடி."

கார்குழலி நிமிர்ந்து நின்றாள். அழுகையை அடக்க முடியவில்லை. பலகையில் விரித்திருந்த சட்டையில் சொட்டுச் சொட்டாக விழுந்த கண்ணீரை, தண்ணீர் தெளித்த கணக்கில் அப்படியே தேய்த்துவிட்டாள். அது என் சட்டைதான்.