கிளெனிஸ் விட்ட தாளம்

கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிய கிளெனிஸ் பாஸ்கோ, பத்தடி நடந்தவள், திரும்பி வந்து ஏறி அதே பிரேக்கை மறுபடி இழுத்துப் பார்க்கிறாள். மெல்போர்னுக்குப் பக்கத்திலுள்ள ஜீலாங் நகரின் பேருந்துப் பணிமனையில் இது தினமும் நடப்பது. மேற்பார்வையாளர் காலை வணக்கம் சொன்னாலே போதும், "நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?" என்பாள். ஒன்பது வருடமாக அவளோடு வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி காதில் விழாத நாள் அவளுடைய விடுமுறை நாள்தான்.

அறுபத்திரண்டு வயது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல்நுனியெல்லாம் சிவந்திருக்கும். அந்தக் கைகள் ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவை என்றால் புதிதாய்ச் சேர்ந்த ஓட்டுநர்கள் சிரிக்கிறார்கள்.

குழுவின் பெயர் 'வெட் மேட்சஸ்', அதாவது நனைந்த தீக்குச்சிகள். 1982இல் ஒரு பழைய கம்பளிக் கிடங்கில் தொடங்கியது. பதினான்கு மாதம்தான் உயிரோடு இருந்தது. நான்கு பேர், ஒரே இசைத்தட்டு, முந்நூறு பிரதிகள். மெல்போர்ன் மதுவிடுதி ஒன்றில் பெரிய வாய்ப்பு வந்தது. இசைத்தட்டு நிறுவனத்து ஆளும் வந்திருந்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் கிளெனிஸின் கை நின்றுவிட்டது. தாளம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எழுந்து பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். அடுத்த வாரம் குழு கலைந்தது. "நாலு பேரு பொழப்புல மண்ண அள்ளிப் போட்டவ நான்" என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

போன செவ்வாய் மதியம் என் வேலை முடிந்து, அவள் வண்டியில் முன்னிருக்கையில் வந்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கைத்தடியோடு ஏறியவர் அவளைப் பார்த்துத் திகைத்தார்.

"கிளென்? ஏய், நீயா!"

வெட் மேட்சஸின் பாடகர், ரஸ் டியர்னி.

அவள் முகம் வெளுத்தது. "உக்காரு ரஸ். வண்டிய எடுக்கணும்."

வழியெல்லாம் கண்ணாடியில் அவரையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். சிவப்பு விளக்கு ஒன்றைக் கடைசி நொடியில்தான் கண்டாள். பிரேக் போட்ட வேகத்தில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி நிறுத்தத்தில் மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். என்ஜினை அணைத்தாள்.

"ரஸ், அன்னைக்கு மெல்போர்ன்ல நான்..."

"அட, இன்னுமா அத நெனச்சிட்டிருக்க?" சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "கிளென், அதுக்கு முந்தின வாரமே நான் சிட்னில வேற குழுவுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். நீ எந்திரிச்சுப் போனது எனக்கு வசதியாப் போச்சு."

"மத்த ரெண்டு பேரும்?"

"உன்னாலதான்னு நெனச்சாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்."

அவள் இருக்கையில் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள். பிறகு, "நாப்பது வருஷம், ரஸ்" என்றாள்.

"மன்னிச்சிரு கிளென்." கைத்தடியை ஊன்றி எழுந்து வலது கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். திகைப்பில் அவர் ஏறும்போது பயண அட்டையைத் தட்ட மறந்திருந்தார். கிளெனிஸ் ஒரு விரலை நீட்டி, அட்டை தட்டும் இயந்திரத்தைக் காட்டினாள்.