நூல் கவ்விய தையல்சிட்டு

பறவையைக் கண்டதும் சின்னாத்தாள் இரண்டடி பின்னால் போவார். படமெடுக்கும் மற்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு முன்னால் நகர்வார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் தரையைத் தடவிப் பார்த்துப் பின்வாங்குவார். "அதோட ஊடும் படத்துல சேந்து விழோணுமுங்க" என்பார். ஊடு என்று அவர் சொல்வது கூட்டை மட்டும் அல்ல. குருவி உட்கார்ந்த மின்கம்பி, பின்னாலிருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கூரைமேல் காயும் பாவாடை எல்லாம் சேர்ந்ததுதான் ஊடு.

வயது ஐம்பத்தொன்று. சோமனூர் கடைவீதியில் பதினெட்டு ஆண்டுகளாக ஸ்டுடியோ நடத்துகிறார். ஸ்டுடியோவுக்குப் பின்னால் கணவருடைய தறிக்குடோன், ஆறு விசைத்தறி. சத்தத்தில் வாடிக்கையாளருக்கு "சிரிங்க" என்று சொன்னால் கேட்காது என்பதால், கையால் வாயை இரண்டு பக்கமும் இழுத்துக் காட்டுவார். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்துவிடுவார்கள்.

அவரிடம் உள்ள லென்ஸ்களில் நீளமானது 135 மில்லிமீட்டர். பந்தலுக்கு வெளியே நின்று மணமக்களின் முகத்தை எடுக்க 1987இல் இரண்டாம் கையாக வாங்கியது. முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் அதே லென்ஸ்தான் குருவிக்கும்.

கோவையில் எங்கள் புகைப்படக் கழகம் இரண்டாம் ஞாயிறுதோறும் கூடும். அங்கே பேச்சு பெரும்பாலும் லென்ஸ் முந்நூறு மில்லிமீட்டரா நானூறா, இரட்டிப்பாக்கும் கன்வர்ட்டர் போட்டால் படம் மங்குமா என்பதுதான். கேமராக் கடை பஷீர் ஒருமுறை சின்னாத்தாளின் படத்தைக் கண்ணுக்கருகில் வைத்துக்கொண்டு, "அக்கா, குருவி எங்க இருக்குதுன்னு ஒரு அம்புக்குறி போட்டுக் குடுங்க" என்றார்.

"உங்க படத்துல குருவி மட்டுந்தானுங்களே இருக்குது" என்றார் இவர். "வாளையாத்துக் காடா சோமனூரான்னு தெரியாது. பின்னாடி பூராப் பச்சைக் கஞ்சி."

1993 முதல் 1996 ஜூலை வரை எங்கள் டிசம்பர் கண்காட்சியின் காட்டுயிர்ப் பிரிவுக்கு ஒன்பது படங்கள் கொடுத்தார். ஒன்றும் தேர்வாகவில்லை. ஆறாம் விதி குறுக்கே நின்றது: காட்டுயிர்ப் படத்தில் மனிதன் கைபட்ட பொருள் எதுவும் தெரியக்கூடாது. ஒவ்வொரு முறையும் படத்தின் பின்னால் ஒட்டிய சீட்டில் 'காட்டுயிர்' என்பதை அடித்துவிட்டு 'பொது' என்று எழுதுவோம். 'தேர்வாகவில்லை' முத்திரை, காட்டுயிராகவே நின்று தோற்ற படங்களுக்கு மட்டும்தான். அவர் படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

பத்தாவது படம் ஆகஸ்ட் 11 அன்று வந்தது. தறிக்குடோன் ஜன்னலில் ஒரு தையல்சிட்டு, கீழே கழிவு நூல் குவியல். பன்னிரண்டு அங்குலப் படத்தில் குருவி முப்பத்தேழு மில்லிமீட்டர், அளந்தேன். கழகத் தலைவர் கோவிந்தராஜுலு மோட்டார் பம்பு தயாரிப்பவர், நல்ல மனிதர். வீட்டுக்கு ஆள் அனுப்பி, தம்முடைய 400 மில்லிமீட்டர் லென்ஸை வரவழைத்துக் கொடுத்தார். இருவர் கேமராவும் ஒரே கம்பெனி என்பதால் பொருந்தியது.

"ஒரு மாசம் வெச்சுக்குங்க அம்மணி. இதுல எடுத்தா வேண்டாததெல்லாம் தானா மறைஞ்சு போகும். குருவி மட்டும் நிக்கும்."

"சரிங்க, பாக்கலாமுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

செப்டம்பர் 8 அன்று படத்தோடு வந்தார். நூல் மூட்டையின் மேல் லென்ஸைக் கிடத்தி, பதின்மூன்று அடியிலிருந்து எடுத்ததாம். படம் கையிலிருந்து கைக்குப் போனது. முருங்கைக் கிளையில் தையல்சிட்டு. பின்னால் கம்பி இல்லை, கூரை இல்லை, பச்சை மட்டும். குருவி நூற்றுப் பத்து மில்லிமீட்டர். கண்ணில் ஒளிப்புள்ளி. நெற்றியின் செம்பழுப்பு தனித்தனி இறகாக எண்ணும்படி இருந்தது.

"இது படம்!" என்றார் கோவிந்தராஜுலு. பிறகு மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "அலகுல என்னுங்க? நாரா?"

"நூலுங்க. எங்க குடோன் வேஸ்ட்டு. கூட்டுக்கு எலையைத் தைக்க எடுத்துட்டுப் போகுது."

அலகின் இரு பக்கமும் ஆரஞ்சுச் சாய நூல் தொங்கியது. சாயமேறாத ஓரிடம் வெள்ளையாக, முறுக்குப் பிரிந்தது வரை தெளிவாகத் தெரிந்தது.

"இந்த லென்ஸ்ல வேண்டாததெல்லாம் மறைஞ்சு போயிருமுன்னு சொன்னீங்க. கிட்டக்க வந்து நல்லாத் தெரியுதுங்களே" என்றார் சின்னாத்தாள்.

பஷீர் சிரித்துவிட்டார். கோவிந்தராஜுலு சிரிக்கவில்லை. அவருக்கு அந்தப் படத்தை விட மனமில்லை. "டச்சப் பண்ணீருங்க அம்மணி. உங்களுக்குத் தெரியாத வேலையா? எத்தன கல்யாணப் பொண்ணுக்குப் பருவைத் தொடச்சிருப்பீங்க."

"அவ கேக்கறா, தொடைக்கறனுங்க. இந்தக் குருவி கேக்குலீங்களே."

"சின்ன நூலுதானுங்களே."

"அதைத் தொடச்சுப்போட்டா சும்மா வாயத் தொறந்துட்டு நிக்கும். பாட்டுப் படிக்குதுன்னு அடியில எழுதுவீங்களா?"

"விதியை நான் எழுதலீங்க."

"எழுதுனவரு சோமனூர் வந்திருக்காருங்களா?"

கோவிந்தராஜுலு குரலைத் தணித்துக்கொண்டார். "பொதுப் பிரிவுல போடலாமுங்க. முதல் பரிசே கெடைக்கும். டிசம்பர் கண்காட்சியில நடுச்சுவத்துல நானே மாட்டறேன்."

நாலு வருடமாக அவர் பஸ் ஏறி வந்தது அந்தச் சுவருக்காகத்தான். சின்னாத்தாள் படத்தை மேசையில் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க. அங்க மாட்டுனா, தறிக்குடோன்ல பொழைக்கற குருவி காட்டுயிர் இல்லீன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிப்போகும். காட்டுயிர்லயே வெச்சு, ஆகாதுன்னு தள்ளிப்போடுங்க."

"பிடிவாதமுங்க இது."

"ஆமாங்க."

தலைவர் பெருமூச்சு விட்டபடி, வழக்கம்போல் சீட்டில் அடித்து எழுதப் பேனாவைத் திறந்தார். சின்னாத்தாள் படத்தைக் கவிழ்த்து, சீட்டில் 'காட்டுயிர்' என்ற சொல்லின் மேல் இடது கட்டைவிரலை அழுத்தி வைத்தார். வலது கையால் மைப்பெட்டியை இழுத்து, 'தேர்வாகவில்லை' முத்திரையை மையில் தோய்த்து, விரலுக்குக் கீழே கோணாமல் தாமே குத்தினார்.