பூஞ்சைக்குப் பழி ஏது என்ற டாக்டர்

டாக்டர் சங்கரவடிவு மாரடைப்பில் போய்விட்டார் என்று தென்காசியிலிருந்து நர்ஸ் ஜெயா போனில் சொன்னபோது, நான் இப்போது வேலை பார்க்கும் ஆய்வகத்தில் மூன்று ரத்தப் பரிசோதனைகள் பாக்கி இருந்தன. மூன்றையும் முடித்து, பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். அழவில்லை. இன்றுவரை அழவில்லை.

குற்றாலத்தில் அவருடைய மகளிர் மருத்துவமனை ஆய்வகத்தில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சாரல் காலத்தில் லாட்ஜ்களில் துவைத்துப் பெருக்கும் பெண்கள் நாள் முழுக்க ஈரச்சேலையோடு நிற்பார்கள். அரிப்பும் வெள்ளைப்படுதலும் வந்தால், "சூடும்மா" என்று தரையைப் பார்ப்பார்கள். "காது வலிச்சா காதுன்னு சொல்லுவேல்லா? இதையும் சொல்லுட்டி" என்பார் டாக்டர்.

அவர்களில் ஒருத்தி முத்துலட்சுமி. ஒரே வருடத்தில் நான்காவது முறையாக வந்திருந்தாள். கடையில் கேட்டு வாங்கிய ஏதோ களிம்பைத் தடவிப் புண்ணாக்கியிருந்தாள். "இந்தச் சீக்கை எவன்கிட்ட வாங்கிட்டு வந்தே?" என்று கேட்டு, கணவன் அவளைப் புளியங்குடியில் இருந்த தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

அவளிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு டாக்டர் அவனை வரவழைத்தார். என் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். அவளிடம் எடுத்த மாதிரியைத் தடவிய கண்ணாடித் தகட்டில் மொட்டுவிட்ட உருண்டைகளும் நூலிழைகளும் தெரிந்தன.

"இது பூஞ்சை. நிறைய பேரு ஒடம்புல சும்மா கெடக்கும். தோது கெடைச்சா பெருகிரும். எவனும் கொடுத்து வந்தது இல்ல. திரும்பத் திரும்ப வருதேன்னு சர்க்கரை பாத்தோம், ஏகத்துக்கு இருக்கு. அதைக் கவனியும்வே, அவ நடத்தையை இல்ல. பூஞ்சைக்குப் பழி ஏது?"

"எனக்குத் தெரியாம போச்சும்மா" என்றான்.

"தெரியாட்டா கேக்கணும்லா" என்றாள் வாசலில் நின்ற முத்துலட்சுமி. அன்று அவள் அவனோடு போகவில்லை.

கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆறு மாதத்துக்கு வாரம் ஒரு பூஞ்சை மாத்திரையும், சர்க்கரைக்குத் தனியாக மருந்தும் கொடுத்தார் டாக்டர். "அரிப்பு நின்னுட்டுன்னு மாத்திரையை நிறுத்திராத" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். அரிப்பு திரும்பவில்லை. சாரல் முடிந்த பிறகு முத்துலட்சுமி, தனக்குத் தோன்றிய ஒரு நாளில், புளியங்குடியிலிருந்து தன் வீட்டுக்குப் போனாள்.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்த நானே, என் இரண்டாவது கர்ப்பத்தில் அதே அரிப்பை மூன்று வாரம் மறைத்தேன். நான் உட்காரும் விதத்தைப் பார்த்தே டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். "வயித்துல பிள்ளை இருக்கும்போது வாய்வழி மாத்திரை வேண்டாம். ஏழு நாள் உள்ள வைக்கிற மாத்திரை போதும்" என்று எழுதிக் கொடுத்தார். பிறகு, "ஸ்லைடைப் பாத்த அளவுக்கு நீ ஆளைப் பாக்கலியேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம். இப்போதெல்லாம் பரிசோதனைச் சீட்டை நீட்டுகிறவளை உட்காரச் சொல்லி, பெயர் கேட்டு, முகத்தைப் பார்த்த பிறகுதான் கையுறை மாட்டுகிறேன்.