பேக்கரி மாஸ்டரின் வலது கை

மாரடைப்பில் பிழைத்து வந்தவனைச் சுற்றியிருப்பவர்கள் பரிதாபப்பட்டே கொன்றுவிடுவார்கள் என்பது பேக்கரி மாஸ்டருக்கு வேலைக்குத் திரும்பிய அன்றே புரிந்துவிட்டது.

"தாராளமா வேலைக்குப் போகலாம், மூட்டை மட்டும் தூக்கக் கூடாது" என்று சொன்ன டாக்டர், அதை எழுதியும் கொடுத்திருந்தார். முதலாளி அந்தச் சீட்டை மூன்று தடவை படித்தார். படித்துவிட்டு, மாஸ்டரை முன்பக்கம் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்து, பாக்கெட்டுகளுக்கு லேபிள் ஒட்டச் சொன்னார்.

"நீங்க சும்மா இருந்தாலே போதும் மாஸ்டர். அடுப்பை என் மச்சான் பாத்துக்குவான்."

மச்சானாம் மச்சான்! முதலாளி பெண்டாட்டியின் தம்பி என்பதைத் தவிர வேறு ஒரு லாயக்கும் கிடையாது. ரொட்டி வெந்ததா என்று கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற வெத்துவேட்டு. மாஸ்டரோ இருபத்தாறு வருஷமாக ரொட்டியைத் திருப்பி, அடியில் விரலால் தட்டிச் சத்தம் கேட்பவர். வெந்திருந்தால் 'டொக்'கென்று கேட்கும். அந்தக் காதுக்கு இப்போது மின்விசிறிச் சத்தம்தான் வாய்த்தது. லேபிள்களை வேண்டுமென்றே கோணலாக ஒட்டினார்.

மாவு பிசைகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் நெஞ்சையே பார்த்தார்கள்.

"வாய் மேல இருக்குடா. அதைப் பாத்துக் கேளு" என்று எரிந்து விழுந்தார். பயந்தாங்கொள்ளிப் பசங்கள்!

மூன்றாம் நாள் ஓர் அம்மா ரொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். மேலே நல்ல நிறம், உள்ளே பச்சை மாவு. மாஸ்டர் லேபிள் கட்டை வீசிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

"தள்ளு" என்று மச்சானை ஒதுக்கிவிட்டு அடுப்புக் கதவைத் திறந்தார். அனல் முகத்தில் அடித்தது. அவர் வலது கை தானாக நெஞ்சுக்குப் போனது.

எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வலி ஏதுமில்லை. வெறும் பயம். ஊரில் உள்ளவனையெல்லாம் பயந்தாங்கொள்ளி என்று திட்டினாரே, அவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறவன் அவர் சட்டைக்குள்ளேயே இருந்தான்.

"சீ" என்றார், தன்னைப் பார்த்துத்தான். கையை இறக்கி, துணியைப் பிடித்து ஒரு ரொட்டியை எடுத்துத் திருப்பித் தட்டினார். மந்தமான சத்தம்.

"வேகல" என்று உள்ளே வைத்துக் கதவை மூடினார்.

மச்சான் கடிகாரத்தைப் பார்த்தான்.

"அங்க என்ன பார்வை? போய் மாவு மூட்டையைத் தூக்கிட்டு வா. அது ஒண்ணைத்தான் டாக்டர் என்னைச் செய்ய வேணாம்னு சொல்லியிருக்கார்."