சாத்திய கதவைத் திறக்கக் கூடாது

நேற்று திருமயத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு வெள்ளை அம்பாசிடர். யாரோ ஓட்டல்காரர் வெள்ளைக்காரர்களை ஏற்றி ஊர் சுற்றிக் காட்ட வாங்கியதாம். மெக்கானிக் முன்கதவுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கி, தேய்ந்த கீல் பின்னைச் சுத்தியலால் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெயும் பழைய கிரீஸும் கலந்த வாடை வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. கீல் பின்னைப் பார்த்து வயிறெரிகிறவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். சொல்கிறேன், கேளுங்கள்.

அப்போது அறந்தாங்கியில் சித்தப்பாவின் அம்பாசிடரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் திருச்சி ஏர்போர்ட் சவாரிதான். போகிறவர் ஒருவர், வழியனுப்ப வண்டி நிறையச் சனம். மடியில் பிள்ளைகள், காலடியில் ஊறுகாய் டப்பா. புறப்படும்போது அழுகிற அழுகையெல்லாம் கீரனூர் தாண்டுவதற்குள் அடங்கி, யாராவது முறுக்கு கேட்பார்கள்.

எங்கள் பக்கம் ஒரு சாங்கியம் உண்டு. பயணம் போகிறவர் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் ஊர் எல்லை தாண்டும்வரை திறக்கக் கூடாது. சித்தப்பா வண்டியிலோ கீல் பின் தேய்ந்து முன்கதவு தொங்கிப்போயிருந்தது. தூக்கிச் சாத்தினால்தான் பிடிக்கும். அதனால் நானே இறங்கி வந்து சாத்துவேன். பின்னை மாற்றச் சொன்னால், "கதவு கழண்டா விழுந்துருச்சு? ஓட்டுடா" என்பார் சித்தப்பா.

எனக்குப் பூ வைத்துப் பேசி முடித்திருந்த பெண் செல்வி. அவள் அண்ணன் பாண்டி குவைத்துக்குப் புறப்பட்டான். கம்பெனி டிரைவர் வேலை என்று விசா வாங்கிக் கொடுத்தவர் அவர்களுடைய தாய்மாமா. நான் இறங்கி வருவதற்குள் அந்த மாமாவே பெரிய மனுஷத்தனமாகக் கதவை ஓங்கி அறைந்தார். பிடிக்கவில்லை. திறந்து மறுபடி அறைந்தார். கடைசியில் நான்தான் தூக்கிச் சாத்தினேன். செல்வியின் அம்மாவுக்கு முகம் செத்துப்போனது.

"இன்னைக்கு வேணாம்யா பாண்டி, எறங்கிரு."

"பிளைட்டு ஒனக்காக நிக்குமாக்கா? அங்கிட்டுத் தள்ளு" என்றார் மாமா.

பாண்டியைப் பாலைவனத்தில் ஆடு மேய்க்க விட்டார்கள். பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். எப்படியோ தப்பி, எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். பொய் சொல்லி அனுப்பியவர் செல்வி அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அவரைக் கேட்டால் உறவு அறுந்துவிடும். பழி போட வாகாக அகப்பட்டது கதவு. கதவுக்கு வாயில்லை, எனக்கு இருந்தும் பிரயோஜனமில்லை.

அதுவரை மாப்பிள்ளை என்று கூப்பிட்ட செல்வியின் அப்பா, நாங்கள் கொடுத்த சேலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தம்பி, ஒங்க மேல கோவமில்லைங்க. ஆனா ராசின்னு ஒண்ணு இருக்குல்ல?"

செல்வியை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? அந்த மாமாவின் மகனுக்கு. ராசியான குடும்பம்.

விஷயம் பரவி ஏர்போர்ட் சவாரி நின்ற பிறகுதான் சித்தப்பாவுக்கு ஞானம் வந்தது. புதுப் பின் போட்டு, "ஒத்த வெரல்ல சாத்துது பாரு" என்று எனக்கே பெருமையாகக் காட்டினார். அந்தக் கதவிலேயே அவரை வைத்து நசுக்கலாம் போலிருந்தது.

இப்போது பையன்கள் போனிலேயே கார் பிடித்துத் தனியாகப் போகிறார்கள். அம்மாக்கள் வாசலில் கையாட்டுவதோடு சரி. போன மாதம் செல்வியின் ஊர்ப்பக்கம் போனேன். 'பொய் சொல்லி அனுப்பிய மாமாவை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?' என்று கேட்டுவிடத்தான். பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பாண்டி திருப்பூரில், செல்வி சிங்கப்பூரில். வீட்டில் பூட்டு தொங்கியது. ராசியில்லாதவன் என்று என்னைச் சொல்லக்கூட அங்கே ஒருத்தர் மிச்சமில்லை.