ஜன்னலைத் திறந்துவிட்டு முடிவெட்டுகிறவள்

நெலிதா ஓயார்சோ கத்தரியை எடுப்பதற்கு முன் ஜன்னலைத் திறப்பாள். தெற்குக் கடலோர ஊரான கொமோதோரோவில் ஜூலை என்றால் நடுக்குளிர்காலம்; காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போகும். அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஒரு விரற்கடை திறந்து, இடுக்கில் சீப்பைச் செருகிவிட்டுத் தரையில் மண்டியிடுவாள். சுவரோரம் எரியும் எரிவாயு ஹீட்டரின் சின்னக் கண்ணாடி வழியே தீயைப் பார்ப்பாள். நீலமாக எரிந்தால் சந்தோஷமாக எழுந்து, "சரி, யார் தலை முதல்ல?" என்பாள். மஞ்சளாக எரிந்தால் அன்று அந்த வீட்டில் முடிவெட்டு கிடையாது. சண்டைதான்.

அவளுக்குக் கடை இல்லை. துறைமுகத்துக்கு மேலே குன்றில் நெருக்கியடித்து நிற்கும் வாடகை வீடுகள்தான் அவள் கடை. ஒரு தோல் பையோடு படியேறி வந்து, யார் சமையலறையிலாவது நாற்காலி போட்டு, மாத்தே என்ற கசப்பு இலைப்பானத்தைச் சர்க்கரை இல்லாமல் உறிஞ்சிக்கொண்டே வெட்டுவாள். பெரிய உடம்பு, ஊதா நிறக் கோட்டு, அடுத்த தெருவுக்கும் கேட்கிற குரல். தலைக்குச் சொந்தக்காரரிடம் பேசுவதைவிடத் தலையிடம்தான் அதிகம் பேசுவாள். "இந்தச் சுழி இருக்கே, உன்னைப் பெத்தவளைப் போலவே சொன்ன பேச்சு கேக்காது."

அவளும் வாடகைக்காரிதான். வீட்டுக்காரர்கள் எதைப் பழுதுபார்ப்பார்கள், எதன் மேல் வெறும் சுண்ணாம்பு பூசுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

அவள் குடும்பத்தில் யாரையோ விஷவாயு கொண்டுபோயிருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கேட்டால் சிரிப்பாள். "ஒண்ணும் நடக்கல. ஒரு தீயணைப்புக்காரர் ரேடியோல சொன்னார், கேட்டேன். தீ மஞ்சளா எரிஞ்சா விஷவாயு வரும், அது மணக்காது, கண்ணுக்குத் தெரியாது, தூங்கறவனை எழுப்பாம கொண்டுபோயிடும்னார். செத்தவங்களுக்கு முடிவெட்டணும்னு எனக்கு ஆசையில்ல, அவ்வளவுதான்."

போன குளிர்காலத்தில் ஒரு மதியம் அயெலென் என்ற இளம்பெண் அவளைக் கூப்பிட்டிருந்தாள். தோன் எவரிஸ்தோ மன்சீயா என்பவரின் வீட்டுப் பின்முற்றத்தில் ஒற்றை அறை. கணவன் லௌதாரோ மீன் ஆலையில் வேலைக்குப் போயிருந்தான். நெலிதா ஜன்னலைத் தொட்டாள். காற்றுக்குப் பயந்து சுற்றிலும் பட்டையாக நாடா ஒட்டியிருந்தது.

"தலை வெடிக்குது, தோன்யா நெலிதா," என்று மரியாதையாகவே ஆரம்பித்தாள் அயெலென். "குமட்டல் வேற. மறுபடி மாசமா இருக்கியான்னு லௌதாரோ கேலி பண்றான்."

"கடைக்குப் போனப்ப எப்படி இருந்துது?"

"வெளிய போனா சரியாயிடுது. உள்ள வந்தா திரும்பவும் வருது."

நெலிதா மண்டியிட்டாள். தீ மஞ்சளாகச் சோம்பலாக ஆடியது. மேலே சுவரில் கரி படர்ந்திருந்தது. காற்று வர வைத்த துளையில் பழைய ஸ்வெட்டர் ஒன்று திணிக்கப்பட்டிருந்தது.

"குழந்தை எங்க?"

"தூங்குறா. நேத்துலேர்ந்து ரொம்பச் சமத்து. அழவேயில்ல."

நெலிதா துள்ளி எழுந்தாள். ஹீட்டரை அணைத்தாள், கட்டிலிலிருந்து குழந்தையை வாரியெடுத்தாள், கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள், அயெலெனைக் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துவந்தாள். குழந்தையின் தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது. காற்றுக்கு முகத்தைக் காட்டி முதுகைத் தட்டிக்கொண்டே நடந்தாள். "அழுடி. கத்து. ஊரே எழுந்து வரட்டும், கத்து." அவள் குரல் நடுங்கி யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. கடைசியில் ஒரு சிணுங்கல், பிறகு நல்ல அழுகை. நெலிதாவும் கூடவே அழுதாள்.

பக்கத்து வீட்டுக்காரரின் வேன் மருத்துவமனைக்கு ஓடியது. தாய்க்கும் குழந்தைக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். பதறிக்கொண்டு வந்த லௌதாரோவிடம் டாக்டர், "இன்னும் ஒரு தூக்கம் தூங்கியிருந்தா..." என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆனால் புகார் கொடுக்க லௌதாரோ பயந்தான். "கேஸ் கம்பெனிக்காரன் வந்தா இணைப்பை வெட்டிடுவான். வீட்டுக்காரர் எங்களை வெளிய தள்ளிடுவார். இந்தக் குளிர்ல குழந்தைய வச்சுக்கிட்டு எங்க போறது?" அந்தப் பயம் நெலிதாவுக்குத் தெரிந்த பயம். அவர்களைத் தன் அறைக்கே கூட்டிப்போய்க் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோன் எவரிஸ்தோவின் கதவைத் தட்டினாள். அந்த அறைக் கூரைமேல் இருந்த ஹீட்டர் புகைக்குழாயின் மூடியைக் காற்று எப்போதோ கொண்டுபோயிருந்தது. அது அவருக்கும் தெரியும்.

"இத்தனை வருஷமா ஓடுற ஹீட்டர். யாருக்கு என்ன ஆச்சு? துளையை அடைச்சது அவங்க. நீ முடிவெட்டுறவ, உன் வேலையப் பாரு."

"அதுக்குத்தான் வந்தேன் ஐயா. அடைச்சது தப்புதான், அவங்களைத் திட்டியாச்சு. உங்களுக்குக் காதுமேல தொங்குது பாருங்க. வாங்க, வெட்டிவிடுறேன்."

பின் அறைக்குப் போய் ஹீட்டருக்கு முன்னால் நாற்காலியைப் போட்டாள். முடிவெட்டும்போது தோளில் போர்த்தும் துணியை உதறினாள். தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இங்கயா?"

"இங்கதான். பத்தவைக்கிறேன், கதவைச் சாத்துறேன், நிதானமா வெட்டுறேன். நானும் உங்ககூடவே நிக்கிறேன், பயப்படாதீங்க."

முற்றத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தோன் எவரிஸ்தோ வாசல்வரை வந்தார். சுவர்க் கரியைப் பார்த்தார். நிலையைத் தாண்டிக் கால் உள்ளே வரவில்லை.

"இங்க... வெளிச்சம் பத்தாது," என்றார்.

மாவு படிந்த கைகளோடு பின்னால் நின்ற அவர் மனைவி க்ளோரிந்தா மெல்லச் சொன்னாள்: "போய் உக்காருங்களேன். எல்லாரும் பாக்குறாங்க."

அவர் உட்காரவில்லை. யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாள் உரிமம் உள்ள எரிவாயுக்காரர் கூரைமேல் நின்றார். புதுக் குழாய், இறுகக் கட்டிய மூடி, துளைக்குக் கம்பிவலை, ஹீட்டருக்கு முழுச் சுத்தம்.

தோன் எவரிஸ்தோ இப்போது கீழே ஊருக்குள் போய் முடிவெட்டிக்கொள்கிறார். வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "ஒரு தலை போச்சு, மூணு தலை தப்பிச்சுது. லாபம்தான்," என்கிறாள் நெலிதா.

அயெலென் குடும்பம் திரும்பிவந்த அன்று நெலிதாவை உட்காரவைத்துச் சுடச்சுடப் பணியாரம் பொரித்துக் கொடுத்தார்கள். ஒன்றைத் தின்றாள். இன்னொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். ஆனால் உடனே போகவில்லை. முற்றத்து நடுவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். புதுக் குழாயின் வாயில், குளிர்ந்த வானத்துக்கு எதிரே, ஹீட்டரின் சூடான காற்று கானல்போல நெளிந்து மேலே போய்க்கொண்டிருந்தது. குளிர்காற்றின் ஒரு வீச்சு வந்து அவள் கம்பளித் தொப்பியைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் கொண்டுபோனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, அந்த நெளிவையே பார்த்தபடி நின்றாள்.