கேட்டால் மதி

கவுன்சலிங் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்ட நல்ல வார்த்தையை விழுங்கிவிட்டு, விழுங்கியது முகத்தில் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் தொழில். பக்கத்து வீட்டுக்காரி தலைவலி என்றதும் சுக்கு அரைத்துப் பற்றுப் போடச் சொல்லாமல் உங்களால் இருக்க முடியுமா? முடியாதென்றால் நீங்களும் என் இனம்தான், மேலே படியுங்கள்.

என் நிலைமை உங்களுடையதைவிடக் கொஞ்சம் மோசம். பாறசாலைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு 'உபதேசியார் வீடு' என்றே பெயர். அப்பாவும் அவருடைய அப்பாவும் சபையில் உபதேசியார்கள். வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணி, புத்தி சொல்லி, காப்பி குடித்துவிட்டு வருவது பரம்பரைத் தொழில். நானோ திருவனந்தபுரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சர். ஆக, பிறருக்குப் புத்தி சொல்ல எனக்கு ரத்தத்திலும் உரிமை உண்டு, சம்பளத்திலும் உரிமை உண்டு.

பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் மனம் விட்டுப் பேச ஓர் அறை ஒதுக்கலாம், ஆனால் முறையாகப் படித்தவர்தான் அதில் உட்கார வேண்டும் என்று பேச்சு வந்தது. நான் கை தூக்கினேன். செல்ஃபோனில் வருகிற அழைப்புக்கும் காசு பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. கழக்கூட்டம் போகிற வழியிலிருந்த பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு வருஷப் பட்டயப் படிப்பு. சம்பளமில்லாத விடுப்பும் அந்த ஒரு வருஷத்துக்குத்தான். அதற்குள் செய்முறையில் தேறாவிட்டால் பட்டயமும் இல்லை, அறையும் இல்லை.

கீழே வருகிறவர்களின் பெயர், அடையாளம் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். என் கணவருடையதை மட்டும் மாற்றவில்லை; அவருக்கு இதெல்லாம் பழகிவிட்டது.

கேசட்டில் கேட்ட குரல்

எங்கள் பேராசிரியை லீலா மேடம். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, சன்னமான குரல், மலையாளம். முதல் நாள் முதல் வகுப்பில் அவர் கரும்பலகையில் எதுவும் எழுதவில்லை. "கேட்டால் மதி. பறயண்டா" என்றார். கேட்டாலே போதும், சொல்ல வேண்டாம். இவ்வளவுதானா படிப்பு என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. இதற்கா ஒரு வருஷ விடுப்பு?

அந்த வாரமே பயிற்சி. ஆற்றிங்கலிலிருந்து வரும் ஷாஜி என்ற பையன் ஆலோசனை கேட்டு வந்தவனாக நடிக்க வேண்டும், நான் கவுன்சலர். அண்ணனோடு ஒத்துப்போகவில்லை என்று ஆரம்பித்தான். பக்கத்தில் டேப்ரிகார்டர் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் மேடம் அந்த கேசட்டை வகுப்பில் போட்டார். முழுக்க முழுக்க என் குரல். ஷாஜியின் பங்கு இரண்டு 'உம்', ஒரு 'சரி சேச்சி', ஓர் இருமல். பைபிளிலிருந்து யாக்கோபும் ஏசாவும் வந்தார்கள். காணாமல் போன ஆடு வந்தது. முடிவில் ஒரு சின்ன ஜெபமும் இருந்தது. நான் ஜெபித்தது எனக்கே ஞாபகமில்லை. பழக்கம் கொடிது, பாறையிலும் கோழி சீக்கும் என்பார்களே, அது. மேடம் கேசட்டை நிறுத்திவிட்டு, இதைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று ஷாஜியிடம் கேட்டார். அவன் எழுந்து நின்று பவ்வியமாகச் சொன்னான்:

"ஆமென்."

உப்பு

எதிரில் இருப்பவர் சொல்வதிலுள்ள உணர்ச்சியைப் பிடித்து அதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அடுத்த பாடம். இந்த மாதிரிப் பாடங்களுக்கெல்லாம் வீட்டில் கணவர் என்று ஒருவர் இருப்பது பெரிய வசதி. என்னவர் நெல்சன், அரசு பஸ்ஸில் கண்டக்டர். காலைப் பணி முடிந்து மத்தியானம் வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

"மீன்கறியில உப்பு இல்ல" என்றார்.

"உப்பு இல்லாதது உங்களுக்கு ஏமாற்றமா இருக்கு" என்றேன், மேடம் காட்டியபடி சற்றே முன்னால் சாய்ந்து.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வெளுப்பிலேயே, விடியும் முன்னேயே போனவனாக்கும். பசிக்குது பிள்ளே."

"பசியோட வந்தவருக்கு இப்படி ஆயிடுச்சேன்னு மனசுல ஒரு வேதனை."

"வேதனையெல்லாம் கெடக்கட்டு, உப்ப எங்க வச்சிருக்கே?"

கழக்கூட்டத்துப் பெண்

இனி நடிப்பு இல்லை, நிஜமானவர்கள். பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையத்துக்கு எனக்கென்று முதலில் வந்தவள் ஒரு திருநெல்வேலிப் பெண். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை, ஹாஸ்டல் வாசம். தூக்கம் வருவதில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்தால் அழுகை வருகிறது என்றாள். நான் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கையைக்கூட மடியில் கோத்து வைத்திருந்தேன். அப்போது அவள், ராத்திரி சாப்பாடு பிடிக்கவில்லை, பிஸ்கட்தான் என்று சொல்லித் தொலைத்தாள்.

பிஸ்கட்! ஒரு தாய் வயிற்றுப் பிள்ளை பிஸ்கட் தின்றுவிட்டுப் படுப்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? சூடாகக் கஞ்சி குடி, ஒரு பழம் சாப்பிடு, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, ஒருத்தியாக உட்கார்ந்திருக்காதே, ஞாயிறு கோயிலுக்குப் போ என்று மழையாகக் கொட்டிவிட்டேன். அவள் எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"இதெல்லாம் சொல்றதுக்கு எங்கம்மா இருக்காங்க மேடம்."

பெப்பர்மின்ட்

தவளை தன் வாயால் கெடும். நடந்ததை நானே போய் மேடத்திடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இன்னொரு முறை உபதேசம் செய்தால் செய்முறைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன், அடுத்த வருஷத்து வகுப்போடு சேர்ந்து வா என்று அமைதியாகச் சொன்னார். எனக்கு ஏது அடுத்த வருஷம்?

அந்தப் பெண் மறு வாரமும் வந்தாள். அதற்காக அவளுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அம்மாவிடம் சொல்ல முடியாதது என்ன என்று மட்டும் கேட்டேன். சொன்னாள். என்ன சொன்னாள் என்று உங்களிடம் சொல்வதற்கில்லை.

அதன் பிறகு மலையடிவாரத்திலுள்ள வித்துராவில் எங்கள் வகுப்பின் ஆலோசனை முகாம். மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவர்களில் பலர் தமிழர்கள். எங்கள் கூட்டத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. வாயைக் காவல் காக்க ஒரு பெப்பர்மின்ட்டை உள்ளே போட்டு அடக்கிக்கொண்டேன். மாரியம்மாள் என்ற தோட்டத் தொழிலாளி வந்து உட்கார்ந்தாள். "வீட்டுக்காரரு போன மழையில தவறிட்டாரு" என்றாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அப்பாவின் துக்க வீட்டுப் பிரசங்கம் எனக்கு மனப்பாடம். வசனங்கள் வரிசையில் நின்று முட்டின. தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. அவள் அழுதாள், முந்தானையால் துடைத்தாள், வெளியே பார்த்தாள், நானும் பார்த்தேன். பெப்பர்மின்ட் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. வாய் திறக்கத் தோன்றவே இல்லை என்பது பிறகுதான் எனக்கே உறைத்தது. என் கண்ணும் நிறைந்திருந்தது. மழை விட்டதும் அவள் எழுந்தாள். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா பேசுனீங்க டீச்சர். இத்தன நாளா யாரும் எங்கிட்ட இப்படிப் பேசல."

சம்சாரம்

கடைசிச் செய்முறை. மேடம் அறை மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். இதில் தேறினால் கையெழுத்து.

வந்தவர் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சுப்பையா அண்ணாச்சி. அவருடைய அப்பா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். மேடமும் அறையில் இருப்பதற்கு அவர் சம்மதித்தார். அப்புறம் வெகுநேரம் மேல்துண்டை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். இப்போதெல்லாம் எனக்கு அது வந்திருந்தது.

"மகன் கல்ஃபுக்குப் போனதோட வீட்ல சம்சாரம் இல்லாம ஆயிட்டு டீச்சர்" என்றார்.

எனக்கு மாரியம்மாள் ஞாபகம் வந்தது. பாவம், மகனும் தூரத்தில், மனைவியும் போய்விட்டாள். ஆறுதல் சொல்லத் துடித்த நாக்கை அடக்கினேன். "சம்சாரம் இல்லாம வீடு ரொம்ப வெறிச்சுன்னு இருக்கு உங்களுக்கு" என்றேன்.

"ஆமா. அது ஒரு வீடா? சோறு விளம்பும்போதாக்கும் நெஞ்ச அடைக்கும். ஒரு அனக்கம், ஒரு சத்தம் கெடையாது."

"இப்போ சோறு யாரு பரிமாறுறாங்க?"

"அவதான்."

"எவங்க?"

"எம் பொண்டாட்டிதான். வெளிய பெஞ்சில இருக்காளே, பாக்கலியா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பச்சைச் சேலை, மடியில் குடை, திடகாத்திரமாக ஓர் அம்மாள். இரண்டாம் தாரமோ என்று ஒரு கணம் நினைத்தேன். நல்லவேளை, அதையும் விழுங்கினேன். அப்புறம்தான் மண்டையில் அடித்தது. மலையாளத்தில் சம்சாரம் என்றால் பேச்சு! நாள் முழுக்கக் கடையில் மலையாளம் பேசுகிறவர், அந்த வார்த்தையைத் தமிழுக்குள் போட்டுவிட்டார். அவர் மலையாளத்திலேயே சொல்லியிருந்தால் எனக்கு உடனே புரிந்திருக்கும். தமிழில் பேசினார், நானும் தமிழ்க் காதால் கேட்டுவிட்டேன். வீட்டில் மனைவி இருக்கிறாள், பேச்சுதான் செத்துவிட்டது.

மூலையில் மேடம் இருமினார். இருமலா, சிரிப்பா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு வருஷ விடுப்பும் பள்ளி அறையும் கண்முன்னே கைநழுவிப் போயின. மூடி மறைத்துச் சமாளிக்கலாம்தான். ஆனால் மனசு விட்டுப் பேச வந்த மனுஷனிடம் நான் எதை மறைப்பது?

"அண்ணாச்சி, மன்னிச்சிடுங்க. உங்க மனைவி இறந்துட்டாங்கன்னு நெனச்சு பேசிட்டிருந்தேன்" என்றேன்.

அவர் விழித்தார். பிறகு சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவர் அப்படியே அழ ஆரம்பித்தார். ஒரே மகன். அனுப்ப வேண்டாம் என்று அவள் சொன்னாள், இவர் அனுப்பினார். அன்று விமான நிலையத்திலேயே இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. மகன் போன் செய்தால் இவர் தனியாகப் பேசுவார், அவள் தனியாகப் பேசுவாள். நீங்கள் இரண்டு பேரும் போய் யாரையாவது பார்க்கவில்லையென்றால் இந்த ஓணத்துக்கு வர மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டான். ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள். அவள் முன்னால், இவர் பின்னால்.

போய்க் கூப்பிடுங்கள், முதலில் நீங்கள் பேசுங்கள், விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை. மூன்றும் என் நாக்கில் வந்து நின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றையும் விழுங்கினேன். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். தானாகவே எழுந்தார். கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினார்.

"ஏளா, உள்ள வா. டீச்சரு உன்னச் செத்துப் போனவன்னு நெனச்சுட்டாங்க."

அந்த அம்மாள் எழுந்து வந்து வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவே இல்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதச் சொல்லுததுக்காவது வாயத் தொறந்தியளே!"

கையெழுத்து

அவர்கள் போகும்போது வராந்தாவில் சத்தம் கேட்டது. குடையை யார் பிடிப்பது என்று சண்டை. எனக்குக் காதில் தேன் பாய்ந்தது.

மேடம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "தெற்றிப்போயி, ஸ்டெல்லா" என்றார். தப்பாகிவிட்டது. பிறகு கையெழுத்துப் போட்டுக்கொண்டே, அவருக்குத் தெரிந்த பாதித் தமிழில் மீதியைச் சொன்னார்:

"பட்சே, நீ உபதேசம் பண்ணவே இல்ல."

இன்று பள்ளியில் எனக்கு ஓர் அறை இருக்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், மேசை டிராயரில் பெப்பர்மின்ட். பிள்ளைகளுக்குத்தான் அது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிஸ்கட் தின்ற பெண்ணுக்கும், மழை பார்த்த மாரியம்மாளுக்கும், பாத்திரக்கடைத் தம்பதிக்கும், 'ஆமென்' சொன்ன ஷாஜிக்கும்கூட நான் கடன்பட்டிருக்கிறேன். லீலா மேடத்துக்கு நன்றி சொல்லப் போனபோது நிறையப் பேச நினைத்து, கடைசியில் ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன், அவருக்குக் கேட்டிருக்கும்.

'கேட்டால் மதி' என்பதற்கு மலையாளத்தில் கேட்டாலே போதும் என்று அர்த்தம், தமிழில் கேட்டால்தான் புத்தி வரும் என்று வைத்துக்கொள்ளலாம். உபதேசியார் வீட்டுப் பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்து உறைப்பதற்கு, பாவம், ஒரு நல்ல மனுஷரின் சம்சாரத்தைக் கொஞ்ச நேரம் சாகடிக்க வேண்டியிருந்தது.